நிற்காமல் ஓடிய கம்ப்யூட்டரும் ஒரு சிவப்பு ஐசியும்

எந்த ஆப்பரேட்டிங் சிஸ்டம் உறுதியானது என்று யாராவது பேச்செடுத்தால் என் கணவர் மெல்ல எழுந்து செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே போய்விடுவார். எனக்கு அதில் ஒரு கருத்து உண்டு என்பதும், அது அரை மணி நேரத்தில் முடியாது என்பதும் அவருக்குத் தெரியும். இத்தனைக்கும் எனக்கு அதைக் கற்றுக்கொடுத்தவரே அவர்தான். நான் கம்ப்யூட்டர் படித்தவள் இல்லை. மலேசியாவில் கோலா பிலா பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் ஆபீஸ் கிராணியாக, அதாவது குமாஸ்தாவாக இருந்தவள். பள்ளிக்கூடத்தில் ஐந்தாம் படிவம் முடித்து, டைப்பிங் பழகி, தோட்டத்து வரிசை வீடுகளான லயத்திலிருந்து நடந்தே வேலைக்குப் போனவள். என் அம்மா பால்வெட்டுக்குப் போன அதே பாதைதான். நான் கொஞ்சம் தாமதமாக, கொஞ்சம் பவுடர் போட்டுக்கொண்டு போனேன், அவ்வளவுதான் வித்தியாசம்.

தொண்ணூறுகளின் நடுவில் எங்கள் தோட்டத்துக்குக் கம்ப்யூட்டர் வந்தது. தலைமை ஆபீசிலிருந்து லாரியில், உர மூட்டைகளோடு உட்கார்ந்து வந்தது. அதற்காக ஓர் அறையை ஒழித்து, சுண்ணாம்பு அடித்து, ஏர்கான் மாட்டினார்கள். தோட்டத்து ஆஸ்பத்திரிக்கு ஒரு மின்விசிறி வேண்டும் என்று வருடக்கணக்காகக் கேட்டுக்கொண்டிருந்தவர்கள் இதை வாசலில் நின்று பார்த்துவிட்டுப் போனார்கள். காய்ச்சல்காரனுக்குக் காற்று எதற்கு? கம்ப்யூட்டருக்குத்தானே வியர்க்கும்.

காசு கொடுத்து, லைசென்ஸோடு வாங்கிய சிஸ்டம் அதில் ஓடியது. ஓடியது என்று மரியாதைக்குச் சொல்கிறேன். எங்கள் தோட்டத்தில் விடிவதற்கு முன் பெரட்டு நடக்கும். ஆபீஸ் வாசலில் ஆட்கள் வரிசையாக நிற்க, கங்காணியான மண்டோர், செக்ரோல் என்ற வருகைப் பதிவேட்டைப் பார்த்துப் பெயர் கூப்பிடுவார். "இருக்கேன்" என்று குரல் வரவேண்டும். வராதவருக்கு அன்று வேலை கிடையாது. மழையோ காய்ச்சலோ, எங்கள் ஆட்கள் வந்து நின்றார்கள். பெரட்டுக்கு வராமல் போனது கம்ப்யூட்டர் ஒன்றுதான். காலையில் தட்டினால் பத்து மணிக்கு எழுந்திருக்கும். பதினோரு மணிக்குத் திரை முழுக்க நீலமாகி, வெள்ளை எழுத்தில் ஏதோ மன்னிப்புக் கேட்டுவிட்டு அப்படியே நின்றுவிடும். ஒரு பால்வெட்டுக்காரர் இப்படி இரண்டு நாள் நின்றிருந்தால் வீட்டுக்கு அனுப்பியிருப்பார்கள். இதற்கோ பெரிய கிராணி பக்கத்தில் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

தலைமை ஆபீசுக்கு போன் போட்டால் ஒரே மருந்துதான்: அணைத்துவிட்டு மறுபடி போடு. எங்கள் தோட்டத்து ஆஸ்பத்திரியில் ஒரு ரோஸ் கலர் தண்ணி மருந்து கொடுப்பார்கள். தலைவலிக்கும் அதுதான், வயிற்றுப்போக்குக்கும் அதுதான். உள்ளே என்ன இருக்கிறது என்று கேட்டால் மருந்து கொடுக்கும் டிரஸ்ஸருக்குக் கோபம் வரும். காசு கொடுத்து வாங்கும் சிஸ்டம் என்றால் எனக்கு இன்றைக்கும் அந்த பாட்டில்தான் ஞாபகத்துக்கு வரும்.

அந்த வருடத்து ஆயுத பூசை வந்தது. எங்கள் தோட்டத்தில் ஆயுத பூசை என்றால் பால்வெட்டுக் கத்தியிலிருந்து டிராக்டர் வரை எல்லாம் கழுவி, சந்தனம் குங்குமம் வைத்து, அன்று யாரும் தொடமாட்டார்கள். லாரிக்கு நான்கு டயர் அடியிலும் எலுமிச்சம்பழம். மண்டோர்தான் இதற்கெல்லாம் தலைவர். கம்ப்யூட்டருக்கு டயர் இல்லாததால் அவர் கொஞ்சம் குழம்பியிருக்கிறார். சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு, உருளுவது இது ஒன்றுதான் என்று மவுசுக்கு அடியில் ஒரு பழத்தை வைத்து நசுக்கினார். அதோடு விட்டிருக்கலாம். பெட்டிக்குள் பத்திரமாக இருந்த சிஸ்டம் சிடியை எடுத்து, பளபளவென்று இருந்த பக்கத்தைத்தான் முகம் என்று முடிவு செய்து, நடுவில் கட்டைவிரல் அளவு சந்தனம் அப்பி, அதன்மேல் குங்குமம் வைத்து, சாமி படத்துக்கு முன்னால் சாய்த்து வைத்துவிட்டார். கற்பூரத்தை அதன் மேலேயே ஏற்றாமல் விட்டது எங்கள் முன்னோர் செய்த புண்ணியம்.

சொல்லிவைத்த மாதிரி அடுத்த வாரமே கம்ப்யூட்டர் படுத்தது. சிஸ்டத்தைத் திரும்பப் போட வேண்டும், அந்த சிடி வேண்டும் என்றார்கள். நான் எடுத்துத் துடைத்தேன். சந்தனம் போனது, பளபளப்பும் சேர்ந்து போனது. பெரிய கிராணி மண்டோரைக் கூப்பிட்டு விசாரித்தார்.

"ஏன்யா, அதுல போய் பொட்டு வச்சே?"

"கெராணி, கத்திக்கு வச்சேன், லோரிக்கு வச்சேன். அதுக்கு மட்டும் வைக்கலன்னா கோவிச்சுக்காது?"

நான் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தேன். அது கோபித்துக்கொண்டது உண்மைதான். புது சிடி வேண்டும் என்று தலைமை ஆபீசுக்குக் கடிதம் எழுதினோம். எதற்காக வேண்டும் என்ற காரணத்தைக் குறிப்பிடும்படி ஒரு பாரம், நிரப்பித் தரவேண்டிய படிவம், வந்தது. காரணம் என்ற இடத்தில் சந்தனம் என்று எப்படி எழுதுவது? அந்த பாரம் என் மேசையிலேயே கிடந்தது.

அப்போதுதான் என் கணவர் உள்ளே நுழைந்தார். அவர் சுங்கை காடுட்டில் ஒரு எலெக்ட்ரானிக் பாக்டரியில் டெக்னிஷியன். ஒரு நாள் வேலை முடிந்து வரும்போது சாப்பாட்டு டப்பாவோடு ஒரு சிடியும் கொண்டுவந்தார்.

"இத போட்டுப் பாருலா. லினக்ஸ். இனாமா கிடைக்குது. எங்க பாக்டரியில டெஸ்டிங் மிசினெல்லாம் இதுலதான் ஓடுது. ஒரு நாளு நின்னதில்ல."

"என்னங்க, இனாமா குடுக்கிறதுல என்ன இருந்துறப் போவுது?"

நான் மட்டும் இல்லை, எல்லாரும் அதைத்தான் கேட்டார்கள். பெரிய கிராணி சிடியைத் தூரத்திலிருந்தே பார்த்தார். "சும்மா குடுக்கிறாங்களா? யாரு குடுக்கிறா? எலெக்‌ஷன் ஏதும் வருதா?" என்றார். அவரைச் சொல்லிக் குற்றமில்லை. எங்கள் தோட்டத்துக்கு இனாமாக வந்ததெல்லாம் அந்தச் சமயத்தில்தான் வந்தது. அரிசிப் பை, சமையல் எண்ணெய், ஒரு தடவை இரண்டும் இடது காலுக்கான பள்ளிக்கூடச் சப்பாத்து. இனாம் என்றால் எங்களுக்கு அதுதான் அகராதி.

என் கணவர் பொறுமையாக விளக்கினார். இந்த சிஸ்டத்தின் உள்ளே எழுதியிருப்பதை யார் வேண்டுமானாலும் திறந்து பார்க்கலாம், பிழை இருந்தால் திருத்தலாம், திருத்தியதை எல்லாருக்கும் கொடுக்கலாம். லயத்துக்கு நடுவில் இருக்கும் பொதுக் குழாய் மாதிரி, ஒழுகினால் முதலில் பார்த்தவன் துணி சுற்றிக் கட்டுவான், யாருடைய குழாய் என்று கேட்டுக்கொண்டு நிற்கமாட்டான் என்றார். பெரிய கிராணிக்குக் குழாய் புரிந்தது. தொரையிடம் போய்ச் சொன்னார். வெள்ளைக்காரன் போய் எத்தனையோ வருடமாகியும் மேனேஜரை நாங்கள் தொரை என்றுதான் சொல்வோம். தொரைக்குக் குழாயும் புரியவில்லை, சிஸ்டமும் புரியவில்லை. மாசக் கடைசியில் ரிப்போர்ட் வந்தால் சரி என்றார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க என் கணவர் உட்கார்ந்து அதைப் போட்டார். கரண்ட் போனாலும் ஓடவேண்டும் என்று ஒரு பழைய லாரி பேட்டரியை மேசைக்கு அடியில் வைத்து வயர் இழுத்தார். திங்கள்கிழமை நான் திறந்தால் கறுப்புத் திரை, வெள்ளை எழுத்து, படம் கிடம் ஒன்றும் இல்லை. "என்னமா இது, இருட்டா கிடக்கு, பழுதா?" என்றார் பெரிய கிராணி. பழுது இல்லை. அது அன்றைக்கு ஓட ஆரம்பித்ததுதான்.

எத்தனை நாள் நிற்காமல் ஓடுகிறது என்று கேட்டால் அதுவே சொல்லும். அதற்கு ஒரு கட்டளை உண்டு, என் கணவர் சொல்லிக்கொடுத்தார். ஆபீஸ் வாசலில் மழை அளவு எழுதும் கரும்பலகை ஒன்று இருந்தது. அதன் மூலையில் அந்த நாள் கணக்கையும் நான் தினமும் சாக்பீஸால் எழுத ஆரம்பித்தேன். முப்பது, முப்பத்தொன்று என்று ஏறியது. பெரட்டுக்கு வருகிறவர்கள் "இன்னைக்கு எத்தனைமா?" என்று கேட்டுவிட்டுத்தான் பால் வெட்ட மலைக்குப் போனார்கள். லாட்டரி நம்பர் எடுக்கிறவர்கள் அந்த எண்ணை எழுதினார்கள். யாருக்கும் விழவில்லை. அதற்கு சிஸ்டத்தைக் குறை சொல்ல முடியாது.

எனக்குத் தலைக்கனம் ஏறியது. ஒளிக்காமல் சொல்கிறேன், நன்றாகவே ஏறியது. சிரம்பானில் தோட்டத்துக் கிராணிகளுக்கு ஒரு கூட்டம் நடந்தபோது, கால்சட்டை மடிப்புக் கலையாத ஆபீஸர்கள் நடுவில் எழுந்து, உங்கள் சிஸ்டம் ஒரு நாளைக்கு எத்தனை தடவை நிற்கிறது என்று கேட்டேன். என்னுடையது நூற்றுப் பத்து நாளாக நிற்கவில்லை என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தேன். டீக்கு அப்புறம் என் பக்கத்தில் யாரும் உட்காரவில்லை.

அரசாங்கமும் அப்போது கம்ப்யூட்டர் மேல் பெரிய பக்தியில் இருந்தது. நீலாய் பக்கம் தோட்டம் தோட்டமாக மரத்தைச் சாய்த்து ரோடு, விமான நிலையம், கல்லூரி என்று கட்டிக்கொண்டிருந்தார்கள். ரோட்டோரப் பலகைகளில் எதிர்காலம் நம் விரல் நுனியில் இருப்பதாகப் போட்டிருந்தார்கள். எந்த விரல் என்று போடவில்லை. எங்கள் ஆட்களின் விரல்கள் பால் காய்ந்து கறுத்தவை. அவற்றை உருட்டி மை தடவி எடுத்த ரேகையே பதிவு இலாகாவில் எங்கே இருக்கிறது என்று தெரியாது. வாரத்துக்கு ஒரு சுற்றறிக்கை வந்தது. அங்கீகரிக்கப்பட்ட சிஸ்டத்தைத்தான் பயன்படுத்த வேண்டும் என்று ஒன்று, அங்கீகரிக்கப்பட்ட சிஸ்டங்களின் பட்டியல் பிறகு அனுப்பப்படும் என்று இன்னொன்று. பட்டியல் கடைசி வரை வரவில்லை.

இந்தக் கூத்துக்கு நடுவில்தான் எங்கள் தோட்டத்து அக்கா ஒருவர் வருகிறார்.

மூன்றாவது லயத்தில் இருந்தார். பால்வெட்டு. ஐம்பது வயது தாண்டியவர், சிறுமியாகப் பால் பிடிக்கும் மங்குத் துடைக்க ஆரம்பித்த நாளிலிருந்து பெரட்டுக்கு வராத நாளை விரல் விட்டு எண்ணிவிடலாம். இந்தத் தோட்டத்திலேயே பிறந்தவர். அவர் அப்பா பிறப்பைப் பதியவில்லை. எப்படியும் ஊருக்குத் திரும்பப் போகிறோம், இங்கே எதற்குப் பதிவு என்று இருந்தவர் இங்கேயே மண்ணுக்குள் போனார். மகளுக்குச் சிவப்பு ஐசி, அதாவது சிவப்பு அடையாள அட்டை. சிவப்பு என்றால் இந்த நாட்டில் இருக்கலாம், ஆனால் இந்த நாட்டவர் இல்லை. அறுபதுகளின் கடைசியில் சிவப்பு ஐசிக்காரர்களுக்கு வேலை செய்ய பெர்மிட் வேண்டும் என்று சட்டம் வந்தபோது, அவர் அண்ணன் குடும்பத்தோடு இந்தியாவுக்குக் கப்பலேறிவிட்டார். அக்கா போகவில்லை. பார்த்திராத ஊருக்கு எப்படித் திரும்பிப் போவது?

இரண்டு தடவை, குடியுரிமை உள்ளவர்களுக்கான நீல ஐசிக்கு மனுப் போட்டார். இரண்டு தடவையும் ஒரு வரியில் கடிதம் வந்தது. வருந்துகிறோம் என்று இருந்தது. ஏன் என்று இல்லை. எந்த வரியில் பிழை, எதைத் திருத்த வேண்டும், ஒன்றும் இல்லை. உள்ளே என்ன எழுதியிருக்கிறது என்று காட்டாத சிஸ்டத்தைப் பற்றி என் கணவர் பேசும்போதெல்லாம் எனக்குக் கம்ப்யூட்டரைவிட அந்தக் கடிதம்தான் நன்றாகப் புரிந்தது.

இப்போது தோட்டத்தையே விற்கப்போகிறார்கள் என்று பேச்சு வந்தது. லயத்தை உடைத்தால் ஆட்களுக்கு மலிவு விலை வீடு என்றார்கள். நீல ஐசி இருந்தால்தான் வீடு. அக்காவின் ஒரே மகளை ஜொகூரில் கட்டிக்கொடுத்திருந்தது. "வீடு கிடைக்கலன்னா மருமவன் வீட்டுல போய் ஒண்டணும் தங்கச்சி," என்றார் என்னிடம். "அவரு நல்ல புள்ளதான். ஆனா அது அவரு வீடுலா. நான் காலையில எந்திரிச்சு யாரு கதவ திறக்கிறது?"

அவர் பிறந்ததற்கு ஒரே ஒரு எழுத்துச் சாட்சி இருந்தது. தோட்டத்து ஆஸ்பத்திரிப் பிறப்புப் புத்தகம். மூன்று நான்கு டிரஸ்ஸர்கள் கைமாறி எழுதிய தடித்த புத்தகம். லயத்து ஆட்களின் வயதுப் பட்டியல் வேண்டும் என்று தொரை கேட்டதால், அந்தப் புத்தகம் முழுவதையும் நான் இரண்டு மாதம் உட்கார்ந்து என் கம்ப்யூட்டரில் அடித்தேன். அக்காவின் வரியும் அதில் இருந்தது. மூன்றாவது லயம், பெண் குழந்தை, அப்பா பெயர், அம்மா பெயர், தேதி, காலை ஆறு மணி. பெரட்டு நேரத்திலேயே பிறந்திருக்கிறார்.

அடித்து முடித்த வாரம் பழைய பேப்பர் லாரி ஒலிபெருக்கி வைத்துக்கொண்டு லயத்துக்குள் வந்தது. ஸ்டோரில் கிடந்த பழைய செக்ரோல்களை எல்லாம் அள்ளி அதில் போடச் சொன்னேன். பிறப்புப் புத்தகத்தையும் சேர்த்து நீட்டினேன்.

பெரிய கிராணி வாசலில் நின்றார். "அது இருக்கட்டும்மா. ஒரு மூலையில கெடந்துட்டுப் போவுது."

"எதுக்கு சார், கரையான் தின்னவா? எல்லாம் இங்க இருக்கு. இது அழியாது." மானிட்டரின் தலையில் தட்டிக் காட்டினேன். பலகையில் அன்று நூற்று நாற்பத்து மூன்று.

அவர் வாசலை விட்டு நகர்ந்தார். லாரி போய்விட்டது.

ஒரு மாதம் கழித்து பதிவு இலாகா ஆட்கள் தோட்டத்து மண்டபத்துக்கே வந்து நீல ஐசி மனு வாங்குவார்கள் என்று சுற்றறிக்கை வந்தது. தகவல்களை ஃப்ளாப்பியில் கொண்டுவந்தால் விரைவாக முடியும் என்று முதல் வரியில் இருந்தது. அதைப் படித்ததும் எனக்கு உச்சி குளிர்ந்தது. கீழே இன்னும் ஏழெட்டு வரி இருந்தன. நான் அவற்றைப் படிக்கவில்லை, முதல் வரியே போதும் என்று இருந்தேன்.

பெரிய கிராணி, டைப்ரைட்டரில் ஒரு கடிதம் அடித்து, தோட்டத்துச் சாப்பு குத்திக் கொண்டுபோ என்றார். சாப்பு என்றால் ரப்பர் முத்திரை. எங்கள் தோட்டத்தில் வட்டச் சாப்பு விழாத காகிதத்தை மாடும் மதிக்காது. இந்தக் காலத்தில் டைப்ரைட்டரா என்று சிரித்தேன்.

என் கணவர் வேறு ஒன்று சொன்னார். "அவங்க சிஸ்டம் நம்ம டிஸ்க்க படிக்காதுலா. அவங்க பார்மாட்டுல போட்டுக் குடு. ஒரு நிமிச வேலை."

"நல்ல சிஸ்டம் நம்மது. நாம எதுக்குங்க எறங்கிப் போவணும்? அவங்க கத்துக்கட்டும்."

அவர் என்னைப் பார்த்தார். செருப்பைப் போட்டுக்கொண்டு வெளியே போனார்.

அந்த நாளன்று அக்கா எல்லாருக்கும் முன்னால் வந்து வரிசையில் முதல் ஆளாக நின்றார். திருவிழாவுக்குக் கட்டும் பச்சைச் சேலை, தலையில் பூ. கையில் ஒரு பிளாஸ்டிக் பையில் சிவப்பு ஐசி, பழைய பெர்மிட், இரண்டு வருந்துகிறோம் கடிதம். மேசைக்குப் பின்னால் ஒரு மலாய் இளைஞர், நல்ல மரியாதையான பிள்ளை, என்னை "காக்" என்று அக்கா முறை வைத்துத்தான் பேசினார். அவர் முன்னால் அங்கீகரிக்கப்பட்ட சிஸ்டத்தோடு ஒரு கம்ப்யூட்டர். நான் ஃப்ளாப்பியை நீட்டினேன். சீர்வரிசைத் தட்டை நீட்டுகிற மாதிரி இரண்டு கையாலும் நீட்டினேன்.

அவர் அதை உள்ளே தள்ளினார். இந்த டிஸ்கில் எனக்குப் புரிகிற மாதிரி ஒன்றும் இல்லை, சுத்தமாக்கித் தரட்டுமா என்று கம்ப்யூட்டர் கேட்டது. நான் எட்டிப் படிப்பதற்குள் அவர் சரி என்று அமுக்கிவிட்டார். கம்ப்யூட்டர் எதைக் கேட்டாலும் சரி என்றுதான் சொல்ல வேண்டும் என்று அவருக்குப் பயிற்சி கொடுத்திருந்தார்கள் போலிருக்கிறது. கறகறவென்று சத்தம் வந்தது. ஒன்றரை நிமிடத்தில் என் இரண்டு மாத வேலை துப்புரவாகத் துடைக்கப்பட்டு, வெறும் டிஸ்க் வெளியே வந்தது.

"கொசோங் லா, காக்," என்றார். காலியாம்.

மண்டோரின் மோட்டார் சைக்கிளில் ஏறி ஆபீசுக்குப் பறந்தேன். என் கம்ப்யூட்டர் ஒன்றும் நடக்காத மாதிரி ஓடிக்கொண்டிருந்தது. எல்லாம் அதில் இருந்தது. ஒரு எழுத்துக் குறையவில்லை. அக்காவின் பக்கத்தை மட்டும் பிரிண்டரில் அடித்தேன். இரண்டு ஓரமும் ஓட்டை ஓட்டையாக இருக்கும் அந்தத் தாளைக் கிழிக்கக்கூட நேரமில்லாமல் எடுத்துக்கொண்டு திரும்பினேன்.

நான் திரும்பியபோது அந்த இளைஞரின் கம்ப்யூட்டர் நீலமாகி நின்றிருந்தது. வரிசையில் நாற்பது பேர். அவர் தாளை வாங்கிப் படித்தார். எந்த சிஸ்டத்தில் அடித்தது என்று கேட்டார். நான் நெஞ்சை நிமிர்த்தி விளக்கினேன். யாரும் திறந்து பார்க்கலாம், யாரும் திருத்தலாம், அதனால்தான் அது இவ்வளவு உறுதி என்று கூட்டத்தில் சொன்னதையே சொன்னேன்.

"யாரும் திருத்தலாம் என்றால் இதை எப்படி நம்புவது, காக்?" என்று மலாயில் கேட்டார். கிண்டலாகக் கேட்கவில்லை. "எங்கள் சிஸ்டத்தை யாரும் மாற்ற முடியாது."

அதற்குச் சாட்சியாக அது அவர் முன்னால் அசையாமல் நின்றிருந்தது. சிஸ்டத்தைத் திருத்துவது வேறு, அதில் அடித்து வைத்ததைத் திருத்துவது வேறு என்று சொல்ல வாயெடுத்தேன். ஆனால் அந்தத் தாளில் எவரும் எதையும் அடித்திருக்கலாம் என்பது உண்மைதானே. அவர் சுற்றறிக்கையை எடுத்து கீழ் வரியில் விரலை வைத்தார். மூலப் பதிவேட்டைக் கொண்டுவர வேண்டும்.

"பழைய புத்தகம் இருந்தால் போதும், காக். கையெழுத்தில் இருக்குமே. அதைக் காட்டுங்கள், நான் இன்றைக்கே ஏற்றுக்கொள்கிறேன்."

அக்கா என்னைத் திரும்பிப் பார்த்தார். அவருக்கு மலாய் நன்றாகத் தெரியும். "அதான் இருக்கே தங்கச்சி, ஆஸ்பத்திரி புக்கு. நீதானே வச்சிருந்தே?"

நான் சொன்னேன். எத்தனையோ இடத்தில் சத்தமாகப் பேசிய வாய், பேப்பர் லாரியில் போட்டுவிட்டேன் என்பதை மட்டும் அடித்தொண்டையில் சொன்னது. பிறந்ததை நேரில் பார்த்தவர்கள் இரண்டு பேர் சத்தியப் பத்திரம் கொடுத்தாலும் சரி என்றார் அந்தப் பிள்ளை. பார்த்தவர்களில் பாதிப் பேர் மண்ணுக்குள் இருந்தார்கள், மீதிப் பேர் கப்பலேறிப் போயிருந்தார்கள். மனுவில் ஒத்திவைப்பு என்று எழுதி, அடுத்த ஆளைக் கூப்பிட்டார்.

திரும்பி நடந்து வரும்போது அக்கா என்னைத் திட்டுவார் என்று காத்திருந்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். ஆபீஸ் வாசலுக்கு வந்ததும் பலகையைப் பார்த்து நின்றார்.

"எத்தனைமா இன்னைக்கு?"

"நூத்தி எழுபத்தாறுக்கா."

"நிக்கவே இல்லியா?"

"இல்லக்கா."

"நானும் நாப்பது வருசமா நிக்கலதான்," என்றார். சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டு லயத்துப் பக்கம் போனார்.

அன்றோடு பலகையில் எண் எழுதுவதை நிறுத்தினேன். எழுதக் கை கூசியது.

மூன்றாவது வருந்துகிறோம் கடிதம் நான்கு மாதத்தில் வந்தது. அரசாங்க சிஸ்டம் அதுவரை வேகமாக வேலை செய்தது அந்த ஒரு தடவைதான். தோட்டமும் விற்றுப்போனது. நீல ஐசிக்காரர்கள் வீட்டுக்குப் பெயர் கொடுத்தார்கள். நானும் கொடுத்தேன், எனக்குக் கிடைத்தது. அக்காவின் சாமான் எல்லாம் ஒரு வேனில் பாதிகூட நிறையவில்லை. மருமகன் வந்து ஏற்றினார். கிளம்பும்போது அக்கா ஆபீசுக்கு வந்து, "அந்தத் தாளு ஒண்ணு குடுக்கிறியாமா, என் பேரு இருக்கிறது?" என்று கேட்டார். எதற்கு என்று நான் கேட்கவில்லை. அடித்துக் கொடுத்தேன். சாப்புக் குத்தலாம் என்று மேசையைத் திறந்தேன். தோட்டம் கைமாறியதால் சாப்பைத் தலைமை ஆபீஸ் திருப்பி வாங்கிக்கொண்டு போயிருந்தது. அதே வாரம் கம்ப்யூட்டரையும் கேட்டார்கள். நானே அணைத்தேன். கடைசி வரை அது ஒரு தடவைகூட நிற்கவில்லை. அதை நினைத்து எனக்கு அன்று பெருமை வரவில்லை.

அடுத்த வருடம் ஆயுத பூசை சமயத்தில் நானும் கணவரும் ஜொகூருக்கு அக்காவைப் பார்க்கப் போனோம். அவரேதான் கதவைத் திறந்தார். ஆனால் திறப்பதற்கு முன் உள்ளே மகளிடம் திறக்கட்டுமா என்று கேட்டுக்கொண்டது எங்களுக்குக் கேட்டது. ஹாலில் சாமி படங்களுக்குக் கீழே மருமகனின் ஸ்பேனர்கள், பேரப்பிள்ளைகளின் பாடப் புத்தகங்கள், அக்காவின் பழைய பால்வெட்டுக் கத்தி, எல்லாவற்றுக்கும் பொட்டு வைத்து அடுக்கியிருந்தார்கள். கத்திக்குப் பக்கத்தில் அந்தத் தாள். ஓரத்து ஓட்டைகளைக்கூடக் கிழிக்காமல், ஒரு அட்டையில் ஒட்டி நிறுத்தியிருந்தார். மூன்றாவது லயம், பெண் குழந்தை, காலை ஆறு மணி.

கீழே, நாங்கள் எப்போதும் சாப்புக் குத்துகிற வலது மூலையில், கட்டைவிரலால் வட்டமாகச் சந்தனம் வைத்து, நடுவில் குங்குமம் வைத்திருந்தார்.

சிடிக்குப் பொட்டு வைத்த மண்டோரைப் பார்த்துச் சிரித்தவள் நான். என் கணவர் கையைப் பிடித்துக்கொண்டு, அந்த வீட்டு ஹாலில் நின்று அழுதேன். அக்கா டீ கலக்க உள்ளே போயிருந்தார்.